பேத்தமங்களா ஏரியில் ஓர் அயர்லாந்து விடுமுறை

1

இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்தால் மற்றதையும் நம்பமாட்டீர்கள்.

1964-ஆம் வருஷம். கோலார் தங்க வயலில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியை வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெயர் சாரதா. அப்பாவுக்குக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை. எங்கள் வீட்டிலிருந்து சுரங்கத்துக்குள் யாரும் இறங்கியதில்லை. பள்ளியில் ஆயாவாக இருந்தவர் பாக்கியவதி. அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் ஒரு சுரங்க அதிகாரியின் பங்களாவில் வேலை பார்த்தவர். அந்த அதிகாரியும் மனைவியும் அயர்லாந்துக்காரர்கள். ஊர் திரும்பும்போது துரைசாணி அம்மா பழைய துணிகளோடு ஒரு சின்னப் புத்தகத்தையும் இவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். (பாக்கியவதிக்கு எந்த மொழியும் படிக்கத் தெரியாது. படங்களுக்காகக் கொடுத்திருக்க வேண்டும்.)

ஒரு மதியம் சாப்பாட்டு வேளையில் அதை என் மேசைமேல் வைத்தார்.

"இதுல இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சி சொல்லு டீச்சர்."

அயர்லாந்து நாட்டுப்புறத்தில் ஓர் ஏரிக்கரை விடுதி. விடுமுறைக்கு வருகிறவர்கள் வெளியில் என்னென்ன செய்யலாம் என்று எழுதியிருந்தது. படகு ஓட்டலாம். தூண்டில் போடலாம். கரையைச் சுற்றி நடக்கலாம். நீந்தலாம். பறவைகளைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருக்கலாம். ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சுரங்கத்தில் வேலை பார்த்த அவர் கணவர் இன்பராஜுக்கு நெஞ்சில் கல்தூசி படிந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னது எனக்குத் தெரியும். அந்தப் பார்வையைத் தாங்காமல், புத்தகத்தில் இல்லாத ஒரு வரியைப் படித்தேன்.

"ஏரிக்காற்று நெஞ்சு வியாதிக்காரர்களுக்கு ரொம்ப நல்லது."

நான் செய்த முதல் புனைவு அதுதான். இதைப் பெருமையாகச் சொல்வதாக எண்ணவேண்டாம்.

2

கதையை எங்கே தொடங்குவது என்று நான்கு நாளாகத் தடுமாறினேன்.

முதல் முயற்சி: "பேத்தமங்களா ஏரியின்மேல் காலை வெயில் உருக்கிய தங்கத்தைப் போல" — வேண்டாம். இருபத்திரண்டு வருஷம் தங்கப்பாறையைக் குடைந்தவரின் கதையில் தண்ணீரையும் தங்கமாக்குவது அநியாயம்.

இரண்டாவது முயற்சி: "இன்பராஜ் சாதுவான மனிதர், மனைவி சொல்லைத் தட்டாதவர்" — இதுவும் வேண்டாம். அவர் பிடிவாதக்காரர். நானே கண்ணால் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் படித்துச் சொல்ல பாக்கியவதி என்னைத் தொழிலாளர் லைனிலிருந்த வீட்டுக்கு அழைத்துப் போனார். இனி அவர் கீழே இறங்கக்கூடாது, மேலே வேறு வேலை தருவார்கள், சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று அதில் இருந்தது. கடிதம் வந்து ஐந்து மாதம் ஆகியும் அவர் கையெழுத்துப் போடவில்லை. மூச்சிரைப்பை மறைத்துக்கொண்டு தினமும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்.

"மேல இன்னா வேல குடுப்பாங்க? கேட்டாண்ட குந்திகினு போறவன் வர்றவன பாக்கணும். நா மெஷின் ஓட்டுறவன், டீச்சரம்மா. கீழ எந்தப் பாறை எப்டி சத்தம் போடும்னு எனக்குத் தெரியும். மேல எனக்கு இன்னா தெரியும்?"

இதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

பாக்கியவதி கடிதத்தை மடித்து வைத்தார். "செரி. கையெழுத்து போடாத. பேத்தமங்களா ஏரிக்காவது வா. நாலு நாளு. அந்தக் காத்து நெஞ்சுக்கு நல்லதுன்னு டீச்சர் புஸ்தகத்துல பாத்துச்சி."

இன்பராஜ் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

3

ஏரிக்கு நான் போகவில்லை. அதனால் இந்தப் பகுதி பாக்கியவதி சொன்னது. கொஞ்சம் காத்தவராயன் சொன்னது. காத்தவராயன் பாக்கியவதியின் பெரியப்பா மகன். ஏரிக்குக் காவல்காரர். அவர் வீட்டில்தான் தங்கினார்கள்.

தங்க வயலின் குழாய்களில் வருவது இந்த ஏரித் தண்ணீர். பஸ்ஸில் அரைமணி நேரம்தான். பிறந்ததிலிருந்து குடித்த தண்ணீரை இன்பராஜ் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தார். கரைமேல் நின்று, "இவ்ளோ பெருசா?" என்றாராம்.

பாக்கியவதி புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருந்தார். முதலில் நீச்சல். காத்தவராயன் பதறிவிட்டார்.

"யம்மா, தண்ணில காலு வெச்சா என் வேல போயிடும். ஊரே குடிக்கிற தண்ணி. மச்சானும் அதத்தான குடிக்கிறாரு?"

"நானே குடிக்கறத நானே நாசம் பண்ணுவனா?" என்று இன்பராஜ் சிரித்தார். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை.

அடுத்து நடை. ஏரியைச் சுற்றி நடக்கவேண்டும் என்றிருந்தது. முதல் நாள் மதகு வரைக்கும் போனார். இரண்டாம் நாள் மதகைத் தாண்டி ஒரு புளியமரம் வரைக்கும். மூன்றாம் நாள் மதகைக்கூட எட்டவில்லை. (இங்கே அவர் கரையின் கடைசிவரை நடந்துவிட்டதாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. அடித்துவிட்டேன்.)

தூண்டிலில் ஒரு கெண்டை மாட்டியது. கையில் எடுத்தபோது அது வாயைத் திறந்து திறந்து மூடியது. இன்பராஜ் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முள்ளை மெதுவாகக் கழற்றித் தண்ணீரில் விட்டுவிட்டார்.*

* இது எழுத்தாளர் வேலை என்று நினைப்பீர்கள். இல்லை. காத்தவராயன் சொன்னது. நல்ல மீன் போய்விட்டதே என்று பத்து வருஷம் கழித்தும் அவருக்குக் குறை இருந்தது.

பறவை பார்ப்பது மட்டும் அவருக்குப் பிடித்துப்போனது. ஒரு நீர்க்காகம் முழுகும், காணாமல் போகும், எதிர்பாராத இடத்தில் தலையைத் தூக்கும். மூன்றாம் நாள் முழுவதும் அதையே பார்த்தார்.

"பாரு பாக்கியம், அவனுக்கும் ஷிப்ட்டுதான். ஆனா ஒவ்வொரு வாட்டியும் மேல வந்துடறான்."

வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று பாக்கியவதிக்குப் பயம். அதை என்னிடம் சொல்லும்போதும் அவர் அழவில்லை.

4

நான்காம் நாள் காலை. மிச்சம் இருந்தது படகு. ஏரியில் பாசி எடுக்க ஒரு பரிசல் உண்டு. யாரையும் ஏற்றக்கூடாதென்று உத்தரவு. காத்தவராயன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "ஏறுங்க" என்றார். இன்பராஜும் பாக்கியவதியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். காத்தவராயன் துடுப்புப் போட்டார். நடு ஏரிக்குப் போனதும் இன்பராஜ் சொன்னார்: "பாக்கியம், நா

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெரியவில்லை.

மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில், பாறை வெடித்துச் சரிந்தபோது கீழேயே போய்விட்ட வேலு என்ற கூட்டாளியை விட்டுவிட்டு மேலே வர மனசில்லை என்று இன்பராஜ் சொல்கிறார். படித்தால் கண் கலங்கும். ஆனால் வேலு என்று யாரும் இல்லை. நான் உண்டாக்கிய ஆள். இன்னொன்றில் பாக்கியவதி அவர் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிறார். அவரை எனக்குத் தெரியும். அப்படிச் செய்கிறவர் இல்லை. மூன்றாவதில் இருவரும் எதுவும் பேசவில்லை. அதுவும் சரியில்லை. ஏதோ பேசியிருக்கிறார்கள். ஏனென்றால், திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி இன்பராஜ் சொன்னார்:

"திங்கக்கெழம போயி கையெழுத்து போட்டுடறேன்."

போட்டார். சுரங்க வாசலில் ஒரு முக்காலி கொடுத்தார்கள். அதில் உட்கார்ந்து போகிறவரையும் வருகிறவரையும் பார்த்தார். பதினான்கு மாதம் உயிரோடு இருந்தார். ஏரிக்காற்று எதையும் குணமாக்கவில்லை.

5

அவர் போன மறு மாதம், பள்ளி விட்டபின் பாக்கியவதி வகுப்பறையைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன்.

"அக்கா, அந்தப் புத்தகத்துல காத்தப் பத்தி ஒரு வரிகூட இல்ல. நானாத்தான் சொன்னேன்."

துடைப்பம் நிற்கவில்லை.

"தெரியும் டீச்சர்."

"எப்படி?"

"படிக்கறப்போ வெரல் கூடவே ஓடினு இருந்திச்சி. அந்த வரிக்கு மட்டும் வெரல் நின்னுட்டுது, வாய் ஓடிச்சி."

"தெரிஞ்சே ஏன் கூட்டினு போனீங்க?"

நிமிர்ந்தார். "அவர மேல கொண்டாரணும். எதுன்னா ஒரு சாக்கு வேணும். நீ குட்த்த." மறுபடி பெருக்கிக்கொண்டே, "பதினாலு மாசம் பகல் வெளிச்சத்துல இருந்தாரு. கண்ணாலம் ஆயி அத்தினி நாளு அவரு மூஞ்ச பகல்ல பாத்ததே இல்ல. பகலெல்லாம் அவரு கீழ இருப்பாரு, நா பங்களாவுல இருப்பேன்" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்க வந்தவள். அதைக் கேட்காமல் வேறொன்றைக் கேட்டேன். எழுத்தாளர்கள் இப்படித்தான், வெட்கம் கிடையாது.

"பரிசல்ல என்ன பேசினீங்க?"

அவர் குப்பையை முறத்தில் அள்ளினார்.

"அது எங்குளுது டீச்சர்."

6

போன மாதம், 1975-இல், பேத்தமங்களாவுக்குப் போய்க் காத்தவராயனைக் கேட்டேன். தலை நரைத்துவிட்டது. இன்னும் அதே காவல்.

"நா மொகத்த திருப்பிகினேம்மா. புருசன் பொண்டாட்டி பேசறாங்க, நா இன்னாத்துக்கு கேக்கணும்?"

ஒன்றுமே காதில் விழவில்லையா என்று விடாமல் கேட்டேன். அவர் தண்ணீரைப் பார்த்தார்.

"வெயிலு ஏறிகினே போச்சி. யார்னா பாத்துட்டா என் கதி இன்னாவறது? 'திருப்பட்டா மச்சான்?'னு கேட்டேன். 'இரு, இன்னும் கொஞ்ச நேரம்'னாரு. அவ்ளோதான்."

முறையாக எழுதுகிறவர் இங்கே பரிசலைக் கரைக்குத் திருப்பவேண்டும். கரையில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். பஸ், கையெழுத்து, முக்காலி, பதினான்கு மாதம். இப்போது உங்களுக்கும் தெரியும். பரிசலில் இருக்கும் அந்த இருவருக்கும் இன்னும் தெரியாது. எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். நல்ல வெளிச்சம். அவர் ஏதோ சொல்கிறார், பாக்கியவதி கேட்கிறார். எனக்குக் கேட்கவில்லை.

துடுப்பை உங்கள் பக்கம் வைக்கிறேன். எப்போது திருப்பவேண்டும் என்று தோன்றுகிறதோ அப்போது திருப்புங்கள். நான் அவசரப்படுத்தமாட்டேன்.