எண்ணெயில் கலந்த நீர்

நாகலிங்கம் எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திருகி எடுத்து, கவிழ்த்துக் காட்டினார். உட்புறத்தில் வெளிர்மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது, கெட்டி மோரை வழித்து விட்டாற்போல.

"இது என்ன பாபி?"

நண்பனின் மனைவியை எந்த மொழிக்காரராக இருந்தாலும் பாபி என்று கூப்பிடுவது தீவில் வழக்கம். ஜெயலட்சுமி குனிந்து பார்த்தாள். கணவன் இராமகிருஷ்ணன் இருந்த காலத்தில் அந்த மூடியில் இப்படி ஒன்றை அவள் கண்டதில்லை.

"கிரீஸா அண்ணே?"

"தண்ணி. எண்ணெயும் தண்ணியும் சேர்ந்து கடைஞ்சா இப்படித்தான் ஆகும். எஞ்சின அடிக்கடி போடுறீங்களா?"

"ஒரு ஞாயிறு விட்டதில்ல." சொல்லும்போதே அவள் குரலில் பெருமை இருந்தது.

"எவ்வளவு நேரம்?"

"அஞ்சு நிமிஷம். அது போதும்ல?"

விமானப்படையில் எஞ்சின்களோடு இருபது வருடம் கிடந்துவிட்டுக் தெற்கே கடைசித் தீவில், கேம்பல் பேயில் அப்பாவின் நிலத்துக்குத் திரும்பியவர் நாகலிங்கம். கண் ஆஸ்பத்திரிக்கு என்று போர்ட் பிளேருக்குக் கப்பலேறி வந்தவரை, அப்படியே தங்கள் விமானத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகும்படி அவள்தான் அது நிற்கும் சிப்பிகாட்டுக்கு அழைத்து வந்திருந்தாள். மூடியைத் துணியால் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

அலுமினியக் குழாய்களும் அதன்மேல் இழுத்துப் போர்த்திய துணியுமான சின்ன விமானம் அது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டே இருக்கைகள். ஒரு பாக்குத் தோப்பை ஒட்டிய புல்தரையில் தடதடவென்று ஓடி எழும்பும். மின்சாரத் துறையில் இருந்த இராமகிருஷ்ணனும் துறைமுக அலுவலகத்தில் இருந்த அவளும் நாற்பதைத் தாண்டிய பிறகு மெயின்லேண்டில் ஒரு கிளப்புக்குப் போய், விடுப்பு விடுப்பாகச் சேர்த்துப் பறக்கக் கற்றவர்கள். அவர்கள் குடியிருந்த டாலிகஞ்சில் கடைக்காரர்கள் கேட்பார்கள், "சார், இதுல சென்னைக்குப் போகலாமா?" என்று. "போகலாம், பாதி தூரம்" என்பான் அவன்.

ஞாயிறு காலையில், மெயின்லேண்டு விமானங்கள் வரத் தொடங்குமுன், கடற்படை தரும் கொஞ்ச நேர அனுமதிதான் பறப்பு. மற்றதெல்லாம் வேலை. கடல்காற்றின் உப்பு குழாயையும் கம்பியையும் போல்ட்டையும் தின்றுவிடும் என்று ஒவ்வொரு முறை இறங்கியதும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். டாலிகஞ்ச் வீட்டுக் குழாயில் தண்ணீர் தினமும் வராது. வந்த அன்று கேன்களில் பிடித்து ஜீப்பில் ஏற்றி விமானத்தைக் குளிப்பாட்டிவிட்டு, வீட்டில் இருவரும் அரை வாளியில் குளித்தார்கள். தோப்புக்கு அந்தப் பக்கம் வீடிருந்த அவன் தங்கை அமிர்தவல்லி வேலிக்கு மேலாகக் கத்துவாள்:

"எங்க அண்ணனுக்கு ரெண்டு பொண்டாட்டி. நல்ல தண்ணியெல்லாம் ரெண்டாவதுக்குத்தான்!"

இராமகிருஷ்ணன் இறந்து இரண்டாவது மழைக்காலம் முடிந்திருந்தது. விமானத்திலா என்று இன்னமும் யாராவது கேட்கிறார்கள். இல்லை, நாற்காலியில் என்று சொல்லுவாள். இரவு சாப்பிட்டுவிட்டுச் செய்தி பார்க்க உட்கார்ந்தவன், எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்த அடுத்த ஞாயிறு கால்கள் பழக்கத்தில் விமானக் கொட்டகைக்குத்தான் வந்தன. பூட்டைத் திறந்ததும் ஈரவாடை. எஞ்சின் துருப்பிடித்துவிடுமே என்ற பயம் மட்டும் அன்று தெளிவாக இருந்தது. மற்ற எதுவும் தெளிவாக இல்லை. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. சற்று நேரத்தில் தோப்பு வழியாக அமிர்தவல்லி மீன் கழுவிய கையோடு ஓடி வந்து நின்றாள். எஞ்சினை அணைத்த பிறகு சொன்னாள், "அண்ணன் வந்துட்டுப் போற மாதிரி இருக்கு அண்ணி."

அதன்பின் எந்த ஞாயிறும் தவறவில்லை. அமிர்தவல்லி பிளாஸ்க்கில் டீயோடு வருவாள். ஐந்து நிமிடச் சத்தம். பிறகு இருவரும் இறக்கையின் நிழலில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள்.

பறக்கத் தெரியாமல் இல்லை. சென்ற மாதம்கூட மெயின்லேண்டு போய்ப் பயிற்சியாளரோடு ஏறி, பிறகு தனியாகவும் ஏறி, உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டு வந்திருந்தாள். அங்கே, வேறொரு விமானத்தில் முடிந்தது. இங்கே கட்டையை எடுக்க முடியவில்லை.

"பாபி, சொன்னா வருத்தப்படக்கூடாது" என்றார் நாகலிங்கம். "நீங்க ஓட்டினதுதான் இதுக்குக் கெடுதல்."

அவள் நிமிர்ந்தாள்.

"எரியிற பெட்ரோல்ல இருந்து தண்ணி வரும். காத்துல இருக்கிற ஈரமும் உள்ள போகும். தண்ணி கொதிக்கிற அளவுக்கு எண்ணெய் சூடானா எல்லாம் ஆவியா வெளியே போயிடும். அஞ்சு நிமிஷத்துல அது வெதுவெதுன்னுதான் ஆகும். தண்ணி உள்ளயே நிக்கும், அமிலமாகும், இரும்பைத் தின்னும். வாரா வாரம் ஒரு கரண்டி ஊத்தின மாதிரி."

"ஓட்டாம விட்டா துருப்பிடிக்கும்னு..."

"சும்மா விட்டிருந்தா இதவிடக் கொஞ்சம் தேவலாம்."

மெதுவாகத்தான் சொன்னார். ஜெயலட்சுமி கைக்கு வேலை தேடி, கழுவி வைத்திருந்த துணியை எடுத்து மறுபடி மடித்தாள். தூக்கத்திலிருந்த குழந்தையைப் பால் கொடுக்கிறேன் என்று எழுப்பி எழுப்பி விட்டதுபோல் இருந்தது. எத்தனை ஞாயிறு! காய்ச்சலோடு வந்திருக்கிறாள், புயல் எச்சரிக்கையன்று வந்திருக்கிறாள்.

"வீணாப் போச்சா அண்ணே?"

"சலோ, பார்ப்போம். உள்ள தேய்ஞ்சிருந்தா இரும்புத்தூள் எண்ணெய் வடிகட்டியில இருக்கும். நிறைய இருந்தா எஞ்சினக் கழட்டி மெயின்லேண்டுக்கு அனுப்பணும். அனுப்பிட்டா, உண்மையச் சொல்றேன், திரும்பி வரும்னு நம்பாதீங்க."

அவர் எண்ணெயை வடித்தார். கறுப்புக்குப் பதிலாகப் பழுப்பாக, கலங்கி இறங்கியது. வடிகட்டி டப்பாவைக் கழற்றி, குழாய் வெட்டும் சின்னக் கருவியை அதன் கழுத்தில் பூட்டிச் சுற்றிச் சுற்றி வெட்டினார். ரம்பம் போட்டால் அதன் தூளே உள்ளே விழுந்து ஏமாற்றிவிடும் என்றார். உள்ளிருந்து மடிப்பு மடிப்பான தாளை எடுத்து, பெட்ரோல் ஊற்றிய வெள்ளைத் தட்டில் அலசினார். இதற்குள் அமிர்தவல்லி பிளாஸ்க்கோடு வந்து, தட்டை எட்டிப் பார்த்தாள்.

நாகலிங்கம் காந்தத்தை ஒரு பாலித்தீன் பைக்குள் போட்டுத் தட்டில் இழுத்தார். வெளியே எடுத்து வெயிலில் பிடித்தார். பையின் முனையில் மயிரிழை போலக் கொஞ்சம் சிலிர்த்து நின்றது. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"உங்க கண்ணுக்குத்தானே வைத்தியம் பாக்க வந்தீங்க?" என்றாள் அமிர்தவல்லி. "அண்ணி, நீங்க பாருங்க."

"என் கண்ணுக்கு இது போதும்மா." அவர் சிரித்துவிட்டார். "கொஞ்சம்தான். பிழைச்சுக்கும். ஆனா இப்படியே இன்னொரு மழைக்காலம் தாங்காது."

ஜெயலட்சுமிக்கு அப்போதுதான் முழங்கால் வலி தெரிந்தது. அத்தனை நேரமும் குத்திட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டே வழி பாபி. ஒண்ணு, தூங்க வைக்கிறது. உள்ள கெட்டி எண்ணெய் அடிச்சு, ஓட்டையெல்லாம் மூடி, ஈரம் உறிஞ்சுற பை கட்டி வச்சிடலாம். அப்புறம் யாரும் தொடக்கூடாது. வருஷக்கணக்கா அப்படியே கிடக்கும், ஒண்ணும் ஆகாது. இல்லன்னா பறக்கணும். புது எண்ணெய் ஊத்தி, முழுசா சூடாகி ஒரு மணி நேரம். நடுவுல இறக்கக்கூடாது."

"தூங்க வச்சா சத்தம்?" என்றாள் அமிர்தவல்லி.

"சத்தம் கிடையாது தங்கச்சி."

"அப்ப அந்த ஒரு மணி நேரத்தையும் இங்கயே ஓட்டிக்கங்க. எதுக்கு ஆகாசத்துக்குப் போகணும்? ஒரு ஆளப் பறிகொடுத்தது போதாதா?"

"உங்கண்ணன் ஆகாசத்துல சாகல அமிர்தா" என்றாள் ஜெயலட்சுமி.

"தெரியும். இருந்தாலும் சொல்றேன்."

நாகலிங்கம் பொறுமையாக விளக்கினார்: நின்ற இடத்தில் ஓட்டினால் காற்று போதாமல் எஞ்சினின் தலை கொதித்துவிடும், எண்ணெயோ அதற்குள் சரியாகச் சூடாகாது. பறக்கும்போதுதான் இரண்டும் ஒத்துப்போகும். அமிர்தவல்லி கேட்டுக்கொண்டு, "எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்கீங்க" என்று டீயை ஊற்றினாள். அவருக்கு மட்டும் அரை டம்ளர்.

அன்று வீடு திரும்பும்போது ஜெயலட்சுமி அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றியே நினைத்தாள். ஐந்து என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. எஞ்சின் லேசாகச் சூடேறியதும் எண்ணெய் வாசனை ஒன்று வரும். அது வந்ததும் இராமகிருஷ்ணன் கதவுக் கொக்கியைத் தட்டிப் பார்த்து, "போலாமா?" என்பான். வாசனை வந்த நொடியில் அவள் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவாள். அடுத்தது என்ன என்று எஞ்சினுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதற்கு முன்பாகவே ஒவ்வொரு வாரமும் நிறுத்தியிருக்கிறாள்.

மறுநாள் நாகலிங்கத்துக்குப் போன் செய்தாள். "பறக்குறேன் அண்ணே. உங்க கப்பல் எப்ப?"

"கேம்பல் பே கப்பலா? அது எப்பவும் போலத் தள்ளிப் போட்டுட்டான். கவலைப்படாதீங்க, இந்த ஞாயிறும் நான் இங்கதான்."

ஞாயிறு காற்று அடங்கியிருந்தது. அனுமதியும் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஒவ்வொரு போல்ட்டாக, ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்தார்கள். காலி இருக்கையின் பெல்ட்டுகள் காற்றில் அடித்துக்கொள்ளாமல் அவள் குறுக்காக இழுத்துப் பூட்டினாள். பூட்டும்போது கை நின்றது. பிறகு இன்னொரு முறை இழுத்து இறுக்கினாள். எஞ்சின் ஓடியது. வாசனை வந்தது. நாகலிங்கம் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவர் கட்டைகளை இழுத்துக்கொண்டு விலகினார்.

ஒற்றை ஆள் பாரத்தில் விமானம் அவள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தரையை விட்டது. தோப்பின் தலைகள் காலுக்குக் கீழே போயின. சுனாமியில் கடல் எடுத்துக்கொண்டு திருப்பித் தராத வயல்கள் தகடாக மின்னின. அதன் ஓரமெல்லாம் இப்போது அலையாத்தி பச்சைப்பசேலென்று ஏறியிருந்தது. அடுத்திருந்த பெரிய பண்ணையின் தென்னை வரிசைகள், ஈரத் தார்ச்சாலை, அமிர்தவல்லி வீட்டு நீலக் கூரை. பார்க்க எதுவும் மாறவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வலது பக்கம் திரும்பி, "அங்க பாருங்க, அலையாத்தி எவ்வளவு வந்திருச்சு" என்று சொல்ல வாய் திறந்து, மூடினாள்.

எண்ணெயின் சூட்டைக் காட்டும் முள் எண்பது டிகிரிக்கு வந்திருந்தது. இறங்கிவிடலாம் என்று தோன்றியது. பறந்தாயிற்று, போதாதா? ஒரு வட்டம் போட்டு இறங்கினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கை தன்னையறியாமல் வேகத்தைக் குறைத்தது. முள்ளும் உடனே தயங்கி நின்றது.

"பாபி, எவ்வளவு காட்டுது?" தரையிலிருந்து ரேடியோவில் நாகலிங்கம்.

அவள் எஞ்சினை மறுபடி முடுக்கினாள். "எண்பது... தாண்டுது."

"நூறு வரட்டும். அப்புறம்தான் நம்ம கணக்கு ஆரம்பம்."

நூறு வந்தது. அவள் பண்ணைக்கும் தோப்புக்கும் இடையில் பெரிய பெரிய வட்டங்களாகச் சுற்றத் தொடங்கினாள். முதல் சில வட்டங்களில் அழுதாள். கண்ணைத் துடைக்க ஒரு கை போதும், ஓட்ட ஒரு கை வேண்டும் என்பதால் அழுகையும் ஓர் அளவோடு வந்தது. அதன்பின் முள், உயரம், காற்று, தோப்பு, மறுபடி முள் என்று பார்க்க வேண்டியவை வந்துகொண்டேயிருந்தன. காலி இருக்கை பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் பாரம் இல்லாததைத் திருப்பங்களில் எப்படிச் சமாளிப்பது என்று கைக்கு ஒரு கணக்கு கிடைத்துவிட்டிருந்தது.

ரேடியோ கரகரத்தது. இந்த முறை நாகலிங்கம் இல்லை.

"அண்ணி? கேக்குதா? இந்த ஆளு ஒரு பட்டன அமுக்கிப் பேசுன்னாரு, அமுக்கிட்டேன். எங்க இருக்கீங்க, ஒரு கொசு அளவுதான் தெரியுது. சத்தமும் தேனீ மாதிரி..."

"கேக்குது அமிர்தா" என்றாள் ஜெயலட்சுமி. பதில் கீழே போகவில்லை. அமிர்தவல்லி பொத்தானை விடவேயில்லை. அதை அவள் விட்டால்தான் மேலிருந்து பேச முடியும். பின்னால் நாகலிங்கம், "சோடோ, சோடோ, விடும்மா" என்பது கேட்டது.

"சும்மா இருங்க, நான் பேசணும். அண்ணி, ஒண்ணு சொல்றேன். அண்ணன் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிச்சு. இந்த பிளேன்ல மொதமொதல்ல தனியாப் போயிட்டு வந்துச்சுல்ல, நீங்க ஆபீஸ்ல லீவு கிடைக்காம டவுன்ல இருந்தீங்க... இறங்கி நேரா எங்க வீட்டுப் பின்னாடி வந்து வாந்தி எடுத்துச்சு அண்ணி. கை காலெல்லாம் நடுக்கம். மோர் கலக்கிக் குடுத்தேன். ஜெயாகிட்ட சொல்லிடாத, அவ என்னைப் பெரிய வீரன்னு நினைச்சிட்டிருக்கான்னுச்சு..."

அன்று மாலை வீட்டுக்கு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, பஸ் ஓட்டுவதைவிடச் சுலபம் என்று சொன்னவன்! ஜெயலட்சுமி வாய்விட்டுச் சிரித்தாள். அவனைப் பற்றி இனித் தெரிந்துகொள்ள எதுவும் மிச்சமில்லை என்று இரண்டு வருடமாக நினைத்திருந்தாள்.

"...அந்த முழி இருக்கே, பாத்திருக்கணும் நீங்க. அப்புறம் அண்ணி, இன்னொண்ணும் இருக்கு..."

ஒரு மணி நேரம் முடிந்திருந்தது. பெட்ரோல் இன்னும் இருந்தது, அனுமதியிலும் கொஞ்சம் நேரம் மிச்சமிருந்தது. அமிர்தவல்லி பொத்தானிலிருந்து கையை எடுக்கும்வரை இறங்குவதில்லை என்று தீர்மானித்து, அவள் விமானத்தை மெல்லச் சாய்த்து அடுத்த வட்டத்துக்குத் திருப்பினாள்.