தானியங்கிச் சல்லடை

எங்கள் அனல் மின் நிலையத்தின் தலைமைப் பொறியாளர் லிங்கராஜ் தாமிரபரணிக் கரையில் வயக்காட்டு வீட்டிலிருந்து படித்து வந்தவர். இதை யாரும் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மைக் கிடைத்தால் அவரே சொல்லிவிடுவார். சேற்றில் கால் வைத்த குடும்பம், மின்சாரம் தனக்குத் தொழில் அல்ல, மக்கள் சேவை என்பார். அவர் கால் சேற்றில் பட்டு நாங்கள் பார்த்ததில்லை. உதவிப் பொறியாளராக இருந்தபோது சாம்பல் குழாய் வெடித்தது. 'சாம்பல் மேலாண்மைப் பிரிவு' என்று பலகை வைத்தார், பதவி உயர்வு வந்தது. அப்புறம் நிலக்கரிக் குவியலில் தீப்பிடித்தது. அணைத்தது நாங்கள், பெங்களூரில் அதைப் பற்றிக் கட்டுரை வாசித்தது அவர். இப்படி ஒவ்வொரு விபத்தாக மிதித்து மேலே ஏறினவர்.

ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான். அதற்குமேல் சும்மா இருக்க அவருக்கு மனசில்லை. சென்னையில் எரிசக்தி ஆலோசனைக் குழு ஒன்று இருந்தது; அதில் உறுப்பினரானால் காரும் வீடும் உண்டு, சேவையும் தொடரும். அதற்குக் கையில் ஒரு சாதனை வேண்டும். அதுதான் தானியங்கிச் சல்லடை.

எங்கள் மின் நிலையம் கடல் தண்ணீரை இழுத்துத்தான் கொதிப்பை ஆற்றும். தண்ணீர் உள்ளே வரும் வாயில் இரும்புச் சல்லடை. காற்று திரும்பினால் ஜெல்லி மீன் கூட்டம் கூட்டமாக வந்து அதில் அப்பிக்கொள்ளும். நாங்கள் அதைச் சொறி என்போம். மேலே பட்டால் விடிய விடிய அரிக்கும். சல்லடை அடைத்தால் பம்பு மூச்சுத் திணறும், மின் நிலையமே நின்றுவிடும். ஆகவே நாங்கள் எட்டுப் பேர், ஒப்பந்தத் தொழிலாளிகள், நீளக் கம்பு மாட்டிய இரும்பு வாரியால் அதை இழுத்து இழுத்துப் போடுவோம். எங்களுக்கு மூத்தவர் திரேஸ்புரத்து அற்புதமணி. கரைவலை இழுத்துக் காய்ந்த கை.

லிங்கராஜ் வாங்கிப்போட்ட இயந்திரத்தில் சல்லடையே சங்கிலியில் சுற்றும். கீழே சொறியை அள்ளி, மேலே கொண்டுவந்து கொட்டும். ஆள் வேண்டாம். சென்னையிலிருந்து அந்தக் குழு வந்து பார்த்து நன்று என்று சொல்லிவிட்டால், அந்த மாதத்தோடு எங்கள் எட்டுப் பேருக்கும் கணக்கு முடிந்தது என்று உதவிப் பொறியாளர் நேசக்குமார் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் எங்கள் நிலையத்தில் முதல் வேலை பெயிண்ட் அடிப்பது. அவர்கள் கண் எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் அடிக்க வேண்டும். கம்பத்துக்குக் காவி, கல்லுக்கு வெள்ளை. முந்தின நாள் லிங்கராஜ் மேற்பார்வைக்கு வந்தார். இயந்திரம் மஞ்சளாக மின்னியது. சங்கிலி மட்டும் ஏன் கறுப்பாக இருக்கிறது என்று கேட்டார். கிரீஸ் என்று சொல்ல அங்கே ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. துடைத்து அடிக்கச் சொன்னார். சங்கிலிக்கும் உருளைக்கும் இரண்டு கை மஞ்சள் பெயிண்ட் ஏறியது. ராத்திரி நன்றாகக் காய்ந்தது.

காலையில் சுவிட்சைப் போட்டார்கள். மோட்டார் முக்கியது, புகைந்தது, அடங்கியது. சென்னைக் குழு அப்போது விருந்தினர் மாளிகையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

லிங்கராஜ் எங்கள் கொட்டகைக்கு வந்தார். அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் குனிந்து உள்ளே நுழைகிறார்.

"அண்ணாச்சி," என்றார் அற்புதமணியைப் பார்த்து. "அது கால் மணி நேரம் சுத்தணும்."

"மோட்டாரு செத்துப்போச்சுல்லா, சார்."

"கீழ நின்னு கயித்தப் போட்டு இழுத்தா சுத்தாதா?"

"சுத்தும். சுத்தினா எங்க வேல போயிரும். சுத்தலன்னா உங்களுக்கு வரப்போற வேல போயிரும். நாங்க எதுக்கு சார் சுத்தணும்?"

லிங்கராஜ் கர்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். எட்டுப் பேரில் ஒருத்தரையும் வெளியே விடமாட்டேன், என் பிள்ளை மேல் சத்தியம் என்றார்.

"அமெரிக்காவுல இருக்கானே, அந்தப் புள்ளையா? இங்கன உள்ளது மேல எதாவது பண்ணுங்க."

திருச்செந்தூர் முருகன் மேல் பண்ணினார். அது உங்க சாமி, பனிமய மாதா மேலயும் ஒண்ணு போட்டுருங்க என்றார் அற்புதமணி. அதையும் போட்டார். அவசரத்தில் சிலுவையைத் தப்பான தோளில் ஆரம்பித்தார்.

மேல்தளத்துக்கு அடியில், அலை வந்து முழங்காலை நனைக்கும் திட்டில் நின்றோம். சல்லடைச் சட்டத்தில் கொக்கி மாட்டிக் கயிற்றைப் பிடித்தோம். பெயிண்ட் பொரிந்து உதிர, இயந்திரம் அசைந்தது. மேலே செருப்புச் சத்தம், கைத்தட்டல். சொறியும் நேரம் பார்த்து வந்தது. அது தலையிலும் தோளிலும் சொட்ட, இழுத்தோம். சத்தம் வரக் கூடாது என்பது கட்டளை. ஆனால் கரைவலைக்காரன் கயிற்றைத் தொட்டால் வாய் சும்மா இருக்குமா? அற்புதமணிக்குத் தன்னை அறியாமலே ஏலேலோ வந்துவிட்டது. நாங்களும் ஐலசா என்றோம்.

கீழே என்ன சத்தம் என்று குழுத் தலைவியம்மா கேட்டது எங்களுக்குக் கேட்டது.

"கியர் பாக்ஸ், மேடம்," என்றார் லிங்கராஜ். "புது மெஷின். செட் ஆயிட்டு இருக்கு."

அந்தம்மா மிகவும் சந்தோஷப்பட்டார். மனித உழைப்பே இல்லாத முதல் சல்லடை என்று குழு அறிக்கை எழுதியது. லிங்கராஜுக்குச் சென்னைப் பதவி கிடைத்தது. வழியனுப்பு விழாவில் அவர் அழுதார், சேற்றைப் பற்றிப் பேசினார்.

சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தார். மனித உழைப்பு இல்லாத இடத்தில் எட்டு ஆளை எப்படி வைத்துக்கொள்வது? தோட்டப் பராமரிப்பு என்று மாற்றிப் போட்டுக்கொடுத்துவிட்டுப் போனார். தோட்டக்காரனுக்குக் கூலி குறைவு. அந்த உப்புக் கரம்பில் புல்கூட முளைக்காது என்பதால் அந்த வேலையில் சிரமம் ஒன்றுமில்லை. சல்லடையைத்தான் தினமும் இழுக்க வேண்டியிருந்தது. புது மோட்டார் கேட்க முடியாது. நன்றாக ஓடுகிற இயந்திரத்துக்கு எதற்கு மோட்டார் என்று சென்னையில் கேட்பார்கள். கேட்கிற இடத்தில் லிங்கராஜ்தான் உட்கார்ந்திருக்கிறார்.

ஆடி மாதக் காற்றில் ஒருநாள் கயிறு வழுக்கியது. அற்புதமணியின் வலது கை நடுவிரல் சங்கிலிக்குள் போனது. பாதிதான் திரும்பி வந்தது.

ஆஸ்பத்திரியில் எப்படி நடந்தது என்று கேட்டார்கள். நேசக்குமார் வெளியே போய்ச் சென்னைக்கு போன் போட்டுப் பேசிவிட்டு வந்தார். தோட்ட வேலையில் தென்னை மட்டை விழுந்துவிட்டது என்றார். இயந்திரம் என்று சொன்னால் குழுவின் அறிக்கை பொய்யாகும், தோட்டம் இல்லை என்று சொன்னால் எட்டுப் பேர் வேலையும் போகும் என்று எங்களிடம் தனியாகச் சொன்னார். அற்புதமணி எங்கள் முகத்தைப் பார்த்தார். பிறகு மட்டைதான் என்று டாக்டரிடம் தலையாட்டினார்.

விசாரணைக்கு யாராவது வந்தால் மரம் வேண்டுமே. மறுவாரம் நேசக்குமார் ஜீப்பில் ஒரு தென்னங்கன்றை ஏற்றிவந்தார். முழங்கால் உயரம் இருந்தது. நாங்கள் குழி தோண்டி நட்டோம். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அற்புதமணி இடது கையால் தண்ணீர் ஊற்றினார்.

"ஏலே, நல்லா மண்ண மிதிங்க," என்றார். "இது வளந்து மட்ட போட்டாத்தான் எனக்கு அடிபட்டது நெசமாவும்."