படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்

நீதிபதி முதலில் குற்றம் சாட்டப்பட்டவரின் பெயரைக் கேட்டார். முன்னால் வந்து நின்ற கோட்டுக்காரர் தன் பெயரைச் சொல்லவில்லை. அட்டை ஆலையின் பெயரையும் பதிவு எண்ணையும் முகவரியையும் சொன்னார். வழக்கு ஆலையின் மேல். அவர் அதற்குப் பதிலாகக் கூண்டில் நிற்க வந்தவர், அவ்வளவுதான்.

"கல்யாணம் ஆயிடுச்சான்னு கேக்காம விட்டாரே," என்றாள் லோயிக்கின் பக்கத்தில் இருந்த மதாம் ஃபூக்கே. "ஜெயில்ல போட முடியாத ஆசாமி. கொடுத்து வச்சவன்."

அவள் மகன் ரெமி ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. காகிதக் கூழ்த்தொட்டியைக் கழுவ இறங்கி, விஷவாயுவில் மயங்கி விழுந்தான். அவனைத் தூக்க இறங்கியவள் ஷிஃப்ட் பொறுப்பாளர் ஓரேலி, லோயிக்கின் மனைவி. இருவரும் பிணமாகத்தான் மேலே வந்தார்கள். ஒன்றரை ஆண்டாகப் பெத்யூன் நகர நீதிமன்றத்தில் லோயிக்கும் மதாம் ஃபூக்கேயும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வருகிறார்கள்.

ஆலையின் வக்கீல் சுருக்கமாகப் பேசினார். ஆலையைத் தண்டிக்க, அதன் சார்பில் அதிகாரம் உள்ள ஒருவர் தவறு செய்திருக்க வேண்டும். இயக்குநரிடம் தவறில்லை என்று விசாரணையே முடிவு செய்துவிட்டது. ஷிஃப்ட் பொறுப்பாளரோ வெறும் ஊழியர். அப்படியானால் யார்?

இடைவேளையில் காப்பி இயந்திரத்தின் அருகே லோயிக், சவாரி என்ற தன் பெண் வக்கீலிடம் இரண்டு தாள்களை நீட்டினான். அந்த ஷிஃப்டின் பாதுகாப்பு அதிகாரம் முழுவதையும் இயக்குநர் ஓரேலிக்குக் கொடுத்த பத்திரம். கீழே, வழக்கப்படி, அவள் கைப்பட எழுதிய வரி: "படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்."

"எப்பக் கெடச்சுது?"

"ஞாயித்துக்கிழமை. அவ ஃபைல்ல."

"இன்னிக்கு வியாழன், லோயிக்." அவள் மறுபடி படித்தாள். "அப்படி ஒரு காயிதமே இல்லன்னு ஆலைக்காரங்க சாதிச்சாங்க. இது போதும், மாட்டிக்குவாங்க. ஆனா கம்பெனிக்குக் கை கால் கெடையாது. அன்னிக்கு அதுக்குக் கை காலா இருந்தது ஓரேலின்னு நான் சொல்லணும். வாயுவ அளக்காம ரெமிய எறக்கினதும் ஓரேலிதான்னு சொல்லணும்."

"அவளுக்குத் தண்டனை?"

"செத்தவங்களுக்குக் கெடையாது. தீர்ப்புல பேரு வரும்."

"கொடுக்கலன்னா?"

"கோட்டுக்காரரு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவாரு."

அவன் தாள்களைத் திருப்பி வாங்கவில்லை.

பிற்பகலில் நீதிபதி பத்திரத்தை உரக்கப் படித்தார். கடைசி வரியில் நிறுத்தி நிமிர்ந்தார். "முசியே, இது உங்க மனைவி எழுத்துதானா?"

"ஆமா."

ஆலையின் வக்கீல் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கோட்டுக்காரர் பேனாவைத் திறந்தார். சவாரி எழுந்து, சொன்னபடியே வாதாடினாள். ஓரேலியின் பெயரை ஆறு முறை சொன்னாள். லோயிக் எண்ணிக்கொண்டிருந்தான்.

மதாம் ஃபூக்கே அவன் பக்கம் திரும்பவில்லை.

"அளக்கச் சொல்ல வேண்டியவ அவளா?"

"ஆமா."

"எம் புள்ளையக் காப்பாத்த எறங்கினவன்னு வாராவாரம் அவளுக்கும் சேத்து மெழுகுவத்தி ஏத்தினேன்."

"எறங்கினா, மதாம். அதுவும் நிஜம்."

 தீர்ப்பு இரண்டு மாதம் கழித்து என்று நீதிபதி அறிவித்தார். எல்லோரும் எழுந்தார்கள்.

"தீர்ப்புக்கு வருவீங்களா?" என்று லோயிக் கேட்டான்.

"வருவேன்," என்றாள். "நீ வேற பெஞ்சுல உக்காந்துக்க."