மடை மோல்னார் வீட்டு விடைப்பாட்டு

1974, பிப்ரவரி 12, செவ்வாய். அப்பா இறந்ததாகக் காலையில் அடித்த தந்தியில் ஒரு தவறு செய்துவிட்டேன். விடுதி முகவரியில் தம்பி பெயரை ‘மோல்னார் வெண்டெல்’ என்று மட்டும் எழுதினேன். ‘சி’ என்ற எழுத்தை விட்டுவிட்டேன். அவன் வேலை செய்யும் தொழிற்சாலையில் மோல்னார்கள் அதிகம், ஏ, பி, சி என்றுதான் பிரிப்பார்கள். எழுத்து இல்லாமல் வரும் தபால் வாசலிலேயே கிடக்கும். மறந்துபோனேன். மறந்துதான் போனேன் என்று நினைக்கிறேன்.

ரெகினா பேனாவை மூடுவதற்குள் அடுத்த அறையிலிருந்து போரி அத்தையின் குரல் வந்தது.

“அடியே, மாலைப் பள்ளிக்கூடத்த மூட்டை கட்டிட்டு வா. இந்தக் காலரப் பிடி. உங்கப்பன் கழுத்து இனிமே யாருக்கும் வளைஞ்சு குடுக்காது.”

ரெகினா போய்ப் பிடித்தாள். இரண்டு வருடமாக அவள் சவரம் செய்துவிட்ட கழுத்து. பக்கவாதம் வந்து விழுந்த நாளிலிருந்து பால் நிலையத்து வேலை, வாரம் இருமுறை நகரத்தில் மாலை வகுப்பு, இடையில் இந்தக் கழுத்தும் முதுகும் கால்களும். வெண்டெல் ஈஸ்டருக்கு வந்தான், கிறிஸ்துமஸுக்கு வந்தான். வந்தபோதெல்லாம் ஆரஞ்சுப் பழம் வாங்கிவந்தான்.

அவளும் மோல்னார்தான். ஆனால் அந்த ஊரில் மோல்னாராக இருப்பது ஒரு பெரிய விஷயமில்லை. கல்லெறிந்தால் ஒரு மோல்னார் மேல் விழும், தவறினால் மோல்னார் வீட்டு நாய் மேல் விழும் என்பார்கள். மாலை வகுப்பு வாத்தியார் ஒருமுறை அதன் வரலாற்றைச் சொன்னார். மாவரைப்பவன் என்பதுதான் பொருள். அரைக்கும் கல்லோடு சொல்லையும் பக்கத்து ஸ்லாவியரிடமிருந்து வாங்கியிருக்கிறோம் என்றார். ஓடைக்கரையில் அத்தனை ஆலைகள் ஓடிய காலத்தில் மாவரைத்தவன் மோல்னார் ஆனான், அவனுக்கு மூட்டை சுமந்தவனும் மோல்னார் ஆனான், மூட்டையில் ஓட்டை போட்டவனும் மோல்னார் ஆனான் என்று அவர் சொன்னபோது வகுப்பே சிரித்தது. ரெகினா சிரிக்கவில்லை.

இத்தனை மோல்னார்களையும் பிரித்தறிய ஊர் வைத்துக்கொண்டதுதான் அடைமொழி. தவிட்டு மோல்னார், நொண்டிக்கழுதை மோல்னார், மடை மோல்னார். அடைமொழி கோயில் பதிவேட்டில் இருக்கும், பட்டாளத்து அழைப்பில் இருக்கும், கல்லறையில் இருக்கும். அப்பா மார்ட்டன் மடை மோல்னார். பழைய ஆலையின் மடைக்கதவு அவர்கள் கொல்லையில்தான் இருந்தது. ரெகினாவின் அம்மாவோ முதலில் வேறொரு மோல்னாரைக் கட்டியவள். அவனுக்கு அடைமொழி கிடையாது, வெறும் மோல்னார். ரெகினா தவழும்போதே அவன் போய்ச் சேர்ந்தான். அம்மா மார்ட்டனைக் கட்டிக்கொண்டு வந்தபோது மகளின் பெயரில் ஓரெழுத்துக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. வெளியூரில் எல்லோரும் அவளை மார்ட்டனின் மகள் என்றே நினைத்தார்கள். உள்ளூரில் யாரும் அப்படி நினைக்கவில்லை. பிறகு பிறந்த வெண்டெல் தொட்டிலிலேயே மடை வெண்டெல்.

அம்மா போய் ஐந்து வருடமாகிறது. இப்போது மார்ட்டனும் போய்விட்டார்.

வெண்டெல் புதன்கிழமை மதியம் வந்தான். அதற்குள் அப்பாவைப் பெட்டியில் வைத்தாகிவிட்டது. அவன் அவர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சூடுபட்டவன் மாதிரி இழுத்துக்கொண்டான்.

“ஒரு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா…” என்றான்.

“தந்தி லேட்டாச்சு,” என்றாள் ரெகினா.

துக்கம் கேட்க வந்தவர்கள் அடுப்படியில் நின்றிருந்த அவளைத் தாண்டி நேராக அவனிடம் போனார்கள். தோளைப் பிடித்துக் குலுக்கினார்கள். “இனி நீதான்ப்பா மடை மோல்னார். வீட்டுப் பேர விட்றாத.” ஒவ்வொருவருக்கும் பிளம் சாராயத்தை ஊற்றிக் கொடுத்தது ரெகினா. கிளாஸை வாங்கும்போது மட்டும் அவளைப் பார்த்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் அவன் அடுப்படிக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

“இவங்களுக்கு என்னக்கா தெரியும்? அங்க தொழிற்சாலையில என்னைய ‘மோல்னார் சி’ன்னுதான் கூப்பிடுறாங்க. ஏ கிரேன் ஓட்டுறான், பி பெயிண்ட் அடிக்கிறான், நான் சி. மடைன்னு ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். ‘அடைச்சுக்கிச்சா?’ன்னு கேட்டு மூணு மாசம் சிரிச்சானுங்க.” முகத்தைத் துடைத்துக்கொண்டான். “வேணும்னா நீயே வச்சுக்க. எனக்கு எதுக்கு?”

கையிலிருந்த கத்தியை ரெகினா வெங்காயத்தில் நிறுத்தினாள். அவள் ஏங்கிக் கிடந்த ஒன்றை அவன் நனைந்த கோட்டைப் போலக் கழற்றி நீட்டுகிறான். கொடுப்பதற்கும் அவனிடம்தான் இருக்கிறது.

“தள்ளி உக்காரு. கண்ணு எரியும்,” என்றாள்.

சாயங்காலம் அத்தை அவளைக் கோயிலுக்கு அனுப்பினாள். பெட்டியைத் தூக்கும் முன் உபதேசியார் விடைப்பாட்டுப் பாடுவார். இறந்தவர் தம் வாயால் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விடைபெறுவதுபோல அமைந்த பாட்டு. முதலில் பிள்ளைகள், பிறகு உடன்பிறப்புகள், கடைசியாக அக்கம்பக்கம். அதில் பெயர் விட்டுப்போனால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. உபதேசியார் ஊருக்குப் புதியவர். மூன்று கோயில்களுக்குப் பாடுகிறவர். ஆர்மோனியத்தின் முன் காலில் போர்வை சுற்றி உட்கார்ந்திருந்தார்.

“சொல்லும்மா. பிள்ளைங்க?”

“மக. மடை மோல்னார் ரெகினா.”

சொன்னதும் அவளுக்கே காது சிவந்தது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தலையை ஆட்டி முணுமுணுத்துச் சந்தத்தில் வைத்துப் பார்த்தார். அது பாந்தமாக உட்கார்ந்தது.

“அப்புறம்?”

“அவரு தங்கச்சி போரி அத்தை, மடை மோல்னார் போர்பாலா.”

“அக்கம்பக்கம்?”

இரண்டு பெயர்களைச் சொன்னாள். பிறகு கொஞ்சம் நின்று, “மோல்னார் வெண்டெல்” என்றாள்.

“அடைமொழி?”

“இல்லங்கய்யா. வெறும் மோல்னார்.”

திரும்பும் வழியெல்லாம் தம்பியின் பெயரை நான் விட்டுவிடவில்லை, சொல்லிவிட்டேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு நடந்தாள். வேண்டாம் என்றது அவன்தானே. ஓடைப் பாலத்தில் ஒருமுறை திரும்பிப் போகலாமா என்று நின்றாள். குளிராக இருந்தது.

வியாழக்கிழமை முற்றத்தில் பெட்டியைச் சுற்றி ஊரே நின்றது. உபதேசியாருக்கு நல்ல குரல்.

“போய்வருகிறேன், என் மகளே, மடை மோல்னார் ரெகினா…”

முக்காடிட்ட தலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அத்தையின் கழுத்து மெல்லத் திரும்பியது. ரெகினா பெட்டியின் ஆணியையே பார்த்தபடி நின்றாள். எத்தனையோ முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்த பெயர். இன்னொருவர் குரலில் வந்தபோது கடன் வாங்கிப் போட்ட செருப்பு மாதிரி இருந்தது.

வெண்டெல் தொப்பியைக் கையில் பிடித்தபடி நேராக நின்றிருந்தான். அடுத்தது தன் முறை என்று அவன் நிற்பது தெரிந்தது. அடுத்தது மார்ட்டனின் தங்கை போரி அத்தைக்கு வந்தது. அவன் தொப்பியை இன்னொரு கைக்கு மாற்றினான். பாட்டு அக்கம்பக்கத்துக்குப் போனது.

“போய்வருகிறேன், மோல்னார் வெண்டெல், அறிந்தும் அறியாமலும் நான் செய்த பிழை பொறுத்தருள்வாய், பகை மறப்பாய்…”

வெண்டெல் தலையைத் தூக்கி அரையடி முன்னால் வைத்தான்.

அப்போது வேலிக்கு வெளியே சத்தம் கேட்டது. கூட்டத்தை இரு கைகளாலும் விலக்கிக்கொண்டு ஒரு கிழவர் உள்ளே வந்தார். அடுத்த வீட்டு மோல்னார் வெண்டெல். அடைமொழி இல்லாதவர். எல்லையிலிருந்த அக்ரூட் மரத்துக்காகச் சண்டை போட்டுப் பல வருடமாக இந்தப் படியேறாதவர். அப்படியொருவர் இருப்பதே ரெகினாவுக்கு நேற்று நினைவில் வரவில்லை.

“இருக்கேன்டா மார்ட்டன்! இங்கதான்டா இருக்கேன்!” பெட்டி மேல் நெற்றியை வைத்தார். “மரத்த வெட்டுனவன் நான். மன்னிப்பு இவன் கேக்குறான் பாருங்கய்யா!”

வைத்த அரையடியைத் தம்பி பின்னுக்கு எடுத்தான். கிழவருக்கு வழிவிட்டு நின்றான். உபதேசியார் பாட்டை முடித்தார். வேறு பெயர் வரவில்லை.

சாப்பாட்டில் கிழவர்தான் நடுவில் உட்கார்ந்தார். நூடுல்ஸ் சூப் ஆறுவதுகூடத் தெரியாமல், வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். “பேர் சொல்லிக் கூப்பிட்டான்யா. எத்தனை மோல்னார் இருக்கான் இந்த ஊர்ல? என்னத்தான் கூப்பிட்டான்.”

கசகசா ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்த ரெகினாவின் அருகில் அத்தை வந்து நின்றாள்.

“உபதேசியார்கிட்ட பேரு சொன்னது யாருடி?”

“நான்தான்.”

அத்தை கையிலிருந்த சூப் கரண்டியை அவள் பக்கம் நீட்டினாள். “நல்லாப் படிச்ச,” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்தக் கிழவன் சந்தோஷமா வீடு போய்ச் சேரணும். அதுவரைக்கும் வாயத் தொறந்த, இந்தக் கரண்டியாலயே போடுவேன்.”

கொல்லையில் அடிபம்பருகே வெண்டெல் கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தான். யாரும் சொல்லாமல் அவனே எடுத்துவந்த வேலை. அவள் துணியோடு போய்த் துடைக்க நின்றாள். அப்பாவின் காது அப்படியே அவனுக்கு. அவர் படுக்கையில் கிடந்த நாளிலெல்லாம் அந்தக் காதுக்குப் பின்னால் சோப்பு போட்டிருக்கிறாள். அவன் ஒன்றுமே செய்யாமல் அதை வைத்திருக்கிறான்.

“பாட்டுல என்னைய மறந்துட்டாங்களாக்கா?”

அவள் ஒரு கிளாஸைத் துடைத்து வைத்தாள்.

“ஒரு நாள் முன்னாடி வந்திருந்தாலும் அவர் பேசியிருக்க மாட்டார். தெரியும்.” அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். “சும்மா கேக்குறேன். கடைசியில என்னப் பத்தி ஏதாவது கேட்டாரா?”

ஒரு சொல் போதும். இல்லை என்றால் போதும், அவன் நம்புவான். அந்தப் பதில் அவளிடம் மட்டும்தான் இருந்தது.

“கதவு தொறக்கும்போதெல்லாம் கேப்பாரு,” என்றாள். “‘வெண்டெலா?’ம்பாரு. நான் தட்டோட வருவேன். ‘வெண்டெலா?’ம்பாரு.”

“நீ என்ன சொல்லுவ?”

“இல்லப்பா, நான்தான்னு சொல்லுவேன்.”

“தினமுமா?”

“ரெண்டு வருஷம்.”

அவன் பம்பின் கைப்பிடியை விட்டான். கிளாஸில் பாதி நிறைந்த தண்ணீரைக் கொட்டாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். அவள் கையை நீட்டினாள், அவன் கொடுத்தான். அவள் அதைக் கொட்டிவிட்டுத் துடைக்கத் தொடங்கினாள்.

1974, பிப்ரவரி 14, வியாழன். அடக்கம் முடிந்தது. மழை இல்லை. ஐம்பது பேருக்கு மேல் சாப்பிட்டார்கள். ஒரு கிளாஸ் உடைந்தது, நான்தான் உடைத்தேன். நாளை: எட்டாம் நாள் பூசைக்கு உபதேசியாரிடம் பெயர்களைச் சொல்ல வேண்டும். வெண்டெலையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவன் பஸ் மதியம், அதற்கு முன்.