கஞ்சி போட்ட நோட்டு

சத்யபாமாவுக்கு வலது தோள் விண்விண்ணென்று தெறித்தது. பயறு கிடங்கில் மூட்டை தள்ளித் தள்ளி எப்போதும் வலிக்கிற தோள்தான். இன்று அதன்மேல் அப்பாவின் தலை சாய்ந்திருந்தது. தம்பி தனசேகரன் தண்ணீர் ஊற்ற, பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து பிணம் சரியாமல் அணைத்துப் பிடித்திருந்தாள்.

"கெட்டியா புடிக்கா. வழுக்குறாரு."

"சீக்கிரம் ஊத்துடா. ஜும்மா முடிஞ்சதும் பாய் வந்துருவாரு."

"வரட்டுமே. எழவு வீட்டுல வந்தா நோட்டைக் கேப்பாரு?"

அவள் சரிந்த தலையைத் தோளில் ஏற்றிப் பிடித்தாள்.

முப்பது வருடம் முன்பு ஆற்றோரத்தில் ஒரு பழைய கட்டடத்தை இடித்தபோது, செங்கல் சுமந்த அப்பாவுக்குச் சுவர் அலமாரியின் பின்னால் கிடைத்த நோட்டு அது. வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கி நாலே வருடத்தில் இழுத்து மூடிய ஏதோ ஒரு பேங்கின் பத்து ரூபாய். ஒரு பக்கம்தான் அச்சு. போன மாதம் ஆக்சிஜனுக்கு வழியில்லாமல் நின்றபோது, லத்தா கடைத்தெருவில் பழைய காசு வாங்கி விற்கும் மீரா முகைதீன் பாய் அதைப் பார்த்துவிட்டு எட்டு லட்சம் கியாட் முன்பணம் கொடுத்தார். நோட்டைத் தலையணைக்கடியிலிருந்து எடுக்க அப்பா விடவில்லை. பாய் வற்புறுத்தாமல், வீட்டுப் பத்திரத்தை ஈடாக வாங்கிக்கொண்டு போனார். இன்று நோட்டைக் கொடுத்துப் பத்திரத்தை வாங்க வேண்டும்.

காலையில் விடிந்ததும் கரண்ட் வந்தது. நாலு மணி நேரம் இருந்தால் அதிகம். லேசாகக் கோடு விழுந்த டாலரையே இந்த ஊரில் எவனும் தொடமாட்டான். அப்பா அசந்திருந்தபோது தலையணைக்கடியிலிருந்து உருவிய, எட்டாக மடிந்த நோட்டைப் பாயிடம் எப்படி நீட்டுவது? சோற்றுக்கஞ்சியைத் தடவி, மேலே துணி போட்டு, இஸ்திரிப்பெட்டியால் அழுத்தினாள். மடிப்பு போனது. துணியை எடுத்தபோது, பேனாவால் எழுதியிருந்த நம்பரும் இரண்டு கையெழுத்தும் துணியோடு வந்துவிட்டன.

அப்புறம்தான், அடுத்த அறையில் இழுத்துக்கொண்டிருந்த மூச்சு கேட்கவில்லை என்பது உறைத்தது.

குளிப்பாட்டி முடித்து, அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை மாட்டி, அதன் பையில் நோட்டைச் செருகினாள்.

"பைத்தியமா ஒனக்கு?" தனசேகரன் குரலைத் தாழ்த்தினான். "வீடு போயிரும்."

"இப்பக் காட்டுனா இன்னிக்கே போயிரும். அப்பாவோட எரிஞ்சுட்டா, தேடுறோம்னு சொல்லி நாளு கடத்தலாம்."

"அவரு என்ன கேணையனா?"

வாசலில் செருப்புகளை ஓரமாக ஒதுக்கும் சத்தம். மீரா முகைதீன் தொப்பியைச் சரிசெய்தபடி உள்ளே வந்தார்.

"ஆண்டவன் நாட்டம்மா. சிரமப்படாமப் போனாரா?"

"தூக்கத்துலயே பாய்."

அவர் முகம் பார்க்கக் குனிந்தார். கஞ்சியில் விறைத்த மூலை சட்டைப் பைக்கு வெளியே நிமிர்ந்து நின்றது. இரண்டு விரலால் உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடியும் திருப்பினார். தனசேகரன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இஸ்திரி போட்டியாம்மா?"

தலையசைத்தாள்.

"அந்தக் கையெழுத்துக்குத்தான் வெல."

நோட்டை அப்பாவின் பையிலேயே திரும்ப வைத்து, மூலை தெரியாதபடி அழுத்திவிட்டார். வெளியே சுடுகாட்டு வண்டி வந்து ஹாரன் அடித்தது. தூக்க ஆள் குறைந்தது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் பாடையின் ஒரு மூலையைப் பிடித்தார். அவளுடைய வலது தோள் பக்கம்.

வண்டிக் கதவு சாத்தியதும் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பதினாறு கழிச்சு வர்றேன்மா. எட்டு லட்சம்."