முகம் பார்த்துச் சொன்னது

"சார், ஏரிக்கரைய வெட்டலாமா, வேணாமா?" என்று அமைச்சர் சக்கரபாணி கேட்டபோது, நேமிராஜ் வழக்கம்போல முதலில் கதவைப் பார்த்தார். அமைச்சரின் உதவியாளன் பூவரசன் அங்கே இல்லை. விக்கிரவாண்டிக்கு அருகே சாலையை வெள்ளம் மூடியதில் அவனுடைய கார் நின்றுபோயிருந்தது. திண்டிவனம் பயணியர் மாளிகையின் அந்த அறையில் அமைச்சரும் அவரும் மட்டுமே இருந்தார்கள்.

ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளரான நேமிராஜ் சில ஆண்டுகளாக அமைச்சரின் ஆலோசகர். எந்தக் கூட்டமானாலும் பூவரசன் முன்கூட்டியே வந்து, "அண்ணன் மனசுல இதான் சார் இருக்குது" என்று காதோடு சொல்லிவிட்டுப் போவான். அதற்கேற்ற காரணங்களை நேமிராஜ் தேடி வைப்பார். கூட்டத்தில் அமைச்சர், "சார் சொன்னா சரி" என்பார். பொய் சொல்வதாக நேமிராஜுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. எந்த முடிவிலும் கொஞ்சம் நியாயம் எங்காவது ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. அதைக் கண்டெடுத்துத் தருவதற்குத்தான் தன் படிப்பு என்று பழகிவிட்டிருந்தார்.

காலையில் ஏரியைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். கரையின் அடியில் மண் கரைந்த நீர் ஊறிக்கொண்டிருந்தது. கீழே இருக்கும் ஊரைக் காலி செய்துவிட்டு, கரையை நாமே வெட்டினால் பயிர் போகும். வெட்டாமல் விட்டால் அது தானாக உடையும், வீடுகளில் ஆட்கள் இருக்கும்போதே. அந்த ஊர்க்காரர்கள்தாம், வெட்டக் கூடாது என்று வெளியே தாழ்வாரத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா சார், என் மூஞ்சியவே பாத்துக்கினு இருக்கீங்க? எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. நீங்க சொல்றதுதான்."

வெளியே ஒரு பெண்ணின் குரல் உயர்ந்தது. அமைச்சரின் கண்கள் ஜன்னல் பக்கம் போய்த் திரும்பின. வெட்ட மனமில்லை என்று நேமிராஜ் படித்துக்கொண்டார்.

"கரை தாங்கும். காலைல வரைக்கும் பாக்கலாங்க."

அமைச்சர் நாற்காலியில் சாய்ந்தார். "அப்பாடா! வெட்டித்தான் ஆவணும்னு நெனச்சிக்கினு இருந்தேன். ஜனங்கள ஏத்திக்கினு வர பஸ்ஸுகூட சொல்லி வெச்சிட்டேன்."

நேமிராஜ் "இல்லீங்க…" என்பதற்குள் அமைச்சர் போனைக் காதில் வைத்துவிட்டார். "பஸ்ஸு வாணாம்பா. நம்ம சாரே சொல்ட்டாரு."

தோளில் கை போட்டு அவரைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார். செய்தி முந்திக்கொண்டு போயிருந்தது. உரச் சாக்கைத் தலையில் கவிழ்த்திருந்த கெங்கம்மாள் நேமிராஜின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கணும் சார் நீ! கதிரு பால் புடிச்சிக்கினு இருக்குது. படிச்சவுரு வெட்டத்தான் சொல்வாருன்னான் இந்த கண்ணையன்."

"உன் கத்தலுக்கு ஏரியே பயந்துடும், அவுரு எம்மாத்திரம்!" என்றான் கண்ணையன். எல்லோரும் சிரித்தார்கள்.

"போடா! ஜல்தியா ஊட்டுக்குப் போயி, கேப்பங்கூழு குடிச்சிட்டு காலு நீட்டிப் படுக்கணும். மூணு நாளா தூக்கமில்ல."

தொலைக்காட்சிக்காரர்கள் நெருங்கி வந்தார்கள். "சாரே வெவரமா சொல்வாரு" என்றார் அமைச்சர். அவருடைய கை தோளிலேயே இருந்தது. நேமிராஜின் வாய்க்கு நேரே மைக்குகள் கூடின.

அவற்றுக்கு மேலாக வாசல் தெரிந்தது. ஊருக்குத் திரும்பும் ஆட்களை ஏற்றிய வேனின் பின்சக்கரம் சேற்றில் சுழன்று மண்ணை வாரி இறைத்தது; வண்டி அசையவில்லை. கெங்கம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி, பின்னால் தோள் கொடுத்தாள். இன்னும் இரண்டு பெண்கள் சிரித்தபடி குதித்தார்கள்.

"சொல்லுங்க சார்" என்றது ஒரு குரல்.

நேமிராஜ் வாயைத் திறந்தார். சக்கரம் பிடிமானம் கண்டு, மெல்ல உருளத் தொடங்கியது.