அவித்துப் பார்த்த பலகை

ஷாமினி விஞ்ஞான ஆசிரியை. கோப்பாயிலிருந்து கைதடிப் பக்கமுள்ள பள்ளிக்கூடத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருவாள். வழியில் பாலத்தைக் கடக்கும்போது, கடல்நீரேரியின் நடுவில் கண்டல் மரங்கள் அடர்ந்த ஒரு திட்டுத் தெரியும். அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று யாரைக் கேட்டாலும் தெரியவில்லை. தண்ணீர் முழங்காலளவுதான், ஆனால் நடந்து போகச் சேறு விடாது என்றார்கள். கடலுக்குப் போகிற வள்ளங்களும் அங்கே வருவதில்லை. சின்னதாக ஒரு மரவள்ளத்தை வீட்டிலேயே செய்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது அப்படித்தான்.

செய்முறையைக் கைப்பேசியில் பார்த்தாள். பிளைவூட்டை வடிவமாக வெட்டி, ஓரங்களைச் செப்புக் கம்பியால் தைத்து, பசையால் இறுக்க வேண்டும். கம்பி எளிதாகக் கிடைத்தது. பசையைப் பாசையூரில் பைபர் வள்ளம் திருத்துகிறவர்களிடம் வாங்கினாள். பலகையில்தான் வந்தது சிக்கல். நல்லூரில் ஏறி இறங்கிய கடைகளிலெல்லாம் தங்கள் பிளைவூட் தண்ணிக்கு அசையாது என்றுதான் சொன்னார்கள். அவள் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்து அடுப்பில் ஏற்றினாள்.

மருந்துக்கடையைப் பூட்டிவிட்டு வந்த கணவன் ஜெபசீலன் குசினி வாசலில் நின்றுவிட்டான்.

"என்ன காய்ச்சுறீர்?"

"பலகை."

அவன் பானைக்குள் எட்டிப் பார்த்தான். "கிழங்கு அவிக்கிற பானையெல்லோ?"

"கழுவித் தாறன். கொதிதண்ணியிலை பிரியாட்டி ஏரித்தண்ணியிலையும் பிரியாது."

எல்லாத் துண்டுகளும் பிரிந்தன. ஒன்று புத்தகம்போல ஏடு ஏடாக விரிந்து மிதந்தது. ஜெபசீலன் அதைக் கரண்டியால் தூக்கி, "இதிலை ஏறிப் போயிருந்தால்?" என்றான். அவனுக்கும் ஆவல் தொற்றிவிட்டதென்று அவளுக்குத் தெரிந்தது.

புத்தூரில் ஒரு செபக்கூட்டம் முடிந்து வந்தபோது, கட்டி முடியாத வீடொன்றின் முன் வெள்ளவாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு பலகை கிடந்தது. அதில் கால் வைத்தவள் அப்படியே குந்திவிட்டாள். பாசி படர்ந்திருந்தது, கறுப்புப் பூச்சு உரிந்திருந்தது. ஆனால் ஓரத்து அடுக்குகள் ஒன்றோடொன்று இறுகி இருந்தன. வீட்டுக்காரர் ஏரம்பு வெளியே வந்தார். தோட்டம் செய்கிறவர், வயது அறுபதுக்கு மேல். அவளை ஏற்கெனவே தெரிந்தவர்.

"என்ன ரீச்சர், ஏதும் விழுந்திட்டுதோ?"

"இல்லை ஐயா. இந்தப் பலகை எவ்வளவு காலமாய்க் கிடக்கு?"

"போன மாரிக்கு முன்னம் போட்டது. கொங்கிறீட் போடேக்கை அடியிலை தாங்கக் குடுக்கிற பலகை."

"இதிலை ஒரு மூலை வெட்டித் தருவியளோ?"

"கொண்டுபோய் என்ன செய்யப் போறியள்?"

"அவிக்கப் போறன்."

ஏரம்பு அவளையும் அவள் கையிலிருந்த வேதப் புத்தகத்தையும் பார்த்தார். பிறகு உள்ளே போய் வாளை எடுத்து வந்தார்.

மறுநாள் அவள் போனில் கூப்பிட்டபோது அவர்தான் முதலில் கேட்டார். "அவிஞ்சிட்டுதோ?"

"இல்லை ஐயா. பின்னேரம் முழுக்கக் கொதிக்கவிட்டன், அப்பிடியே கிடக்கு. இதுமாதிரிப் பலகை இன்னும் இருக்கோ?"

"கனக்க இருக்கு. ஆனால் அதுகள் இப்ப என்ரை கூரையைத் தாங்கிக்கொண்டு நிக்குதுகள்."

அவள் வள்ளம் செய்யப்போவதைச் சொன்னதும், கழற்றியதும் தருவதாக ஒத்துக்கொண்டார். கூரை இறுகச் சில கிழமைகள் காத்திருக்க வேண்டியிருந்தது. கழற்றும் நாளில் ஷாமினியும் ஜெபசீலனும் போய் நின்றார்கள். ஒவ்வொரு பலகையும் இறங்க இறங்க அவள் தட்டிப் பார்த்தாள், ஓரத்தைத் தடவினாள், சிமெந்தைச் சுரண்டினாள். ஆணித் துளைகளைப் பசையால் அடைத்துவிடலாம். பாரம்தான் கொஞ்சம் கூடுதல். அதற்கேற்ப வள்ளத்தைச் சுருக்க வேண்டியதுதான்.

நல்லவற்றை ஏரம்பு தன் லாண்ட்மாஸ்ரர் உழவு யந்திரத்தின் பெட்டியில் ஏற்றினார். "ஓட்டையில்லாமல் செய்யுங்கோ. எனக்கு நீந்தத் தெரியாது," என்றார்.

"நீங்களும் வாறியளோ?"

"ஓம். பின்னை, பலகை தந்தவன் கரையிலையோ நிக்கிறது?"

வண்டி வீடுகளைத் தாண்டி வயல்வெளிக்கு வந்ததும் சோளகக் காற்று பலகைகளைக் கிளப்பப் பார்த்தது. கயிறு போதவில்லை. ஷாமினி சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டியில் ஏறிப் பலகைகளின் மேல் சப்பாணி கட்டி உட்கார்ந்தாள். ஜெபசீலன் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தான். பாடசாலைப் பிள்ளைகள் சைக்கிளை நிறுத்தி, "எங்கை ரீச்சர் போறியள்?" என்று கேட்டார்கள். யந்திரச் சத்தத்தில் அவள் சொன்னது கேட்கவில்லை. ஒரு பிள்ளை சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பின்னாலேயே வரத் தொடங்கியது.